அந்தக் குரல் யாருக்குச் சொந்தம்?

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். இயற்கையாவே உங்க குரல் ஒரு பிரபலத்தோட குரல் மாதிரி இருந்தா, அதை வைத்து நீங்க சம்பாதிக்கலாமா?

ஜானி கேஷ் தெரியும்தானே? அமெரிக்க கன்ட்ரி இசையின் ஜாம்பவான். கருப்பு உடை, கனத்த குரல். 1968 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குள்ள போய், கைதிகள் முன்னாடி பாடி, அதையே ஆல்பமா வெளியிட்டவர். 2003-ல் இறந்துட்டார். ஆனா அவர் பாட்டுகளை அவர் மாதிரியே பாடி, ஊர் ஊரா ட்ரிபியூட் ஷோ நடத்துற கலைஞர்கள் இன்னைக்கும் இருக்காங்க.

வெறும் மிமிக்ரின்னுதான் நானும் நினைச்சேன். ஆனா கேஷோட ஆரம்பகாலக் குழுவில் டிரம்ஸே கிடையாது. கிட்டார் தந்திகளுக்கு இடையில் காகிதத்தைச் சொருகி, டிரம்ஸ் மாதிரி ஒலிக்க வைத்தார். 1956-ல் வந்த 'ஐ வாக் த லைன்' பாட்டில் அதைக் கேட்கலாம். அதே பாட்டில் நடுநடுவே சுருதி மாறும். அடுத்த சுருதியைப் பிடிக்க லேசா ஹம் பண்ணுவார். ட்ரிபியூட் பாடகர் இதையெல்லாம் காதால கேட்டே கத்துக்கணும். சோர்ஸ் கோட் இல்லாம, ஒரு ஆப் ஓடுறதைப் பார்த்துப் பார்த்தே அதை முதலிலிருந்து எழுதுற மாதிரி.

சட்டம் என்ன சொல்லுது? மூணு அடுக்கா பிரிப்போம்.

முதல் அடுக்கு, மெட்டும் வரிகளும். அமெரிக்காவில் அரங்கங்கள் ஆஸ்காப், பிஎம்ஐ மாதிரி அமைப்புகளுக்குக் கட்டணம் கட்டும். அதிலிருந்து பாட்டை எழுதினவங்களுக்கு ராயல்டி போகும்.

ரெண்டாவது, ஒலிப்பதிவு. மேடையில் பழைய ரெக்கார்டைத் தொடவே இல்லை, அதனால சிக்கல் இல்லை.

மூணாவது, குரல். 1980-களில் ஒரு ஃபோர்டு கார் விளம்பரத்துக்குப் பாடகி பெட் மிட்லரைக் கேட்டாங்க. அவர் மறுத்தார். உடனே அவரோட பழைய பின்னணிப் பாடகியைக் கூப்பிட்டு, அவர் மாதிரியே பாட வைத்தாங்க. 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மிட்லர் பக்கம் நின்றது: பொருள் விற்க, பிரபலப் பாடகரின் தனித்துவமான குரலை வேணும்னே போலி பண்ணக் கூடாது. பிறகு அவருக்கு 4 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது.

2024-ல் டென்னசி மாநிலம் 'எல்விஸ் சட்டம்' கொண்டுவந்தது. பெயர், உருவம் இதுக்கெல்லாம் ஏற்கெனவே இருந்த பாதுகாப்பு குரலுக்கும் வந்தது. ஏஐ குளோனிங் பயம்தான் முக்கியக் காரணம். 2025 நவம்பரில் கேஷோட அறக்கட்டளை இதே சட்டத்தை வைத்து, கோகோ கோலா மேல வழக்கு போட்டது. விளம்பரத்தில் கேஷ் மாதிரிக் குரலை அனுமதியில்லாம பயன்படுத்தினாங்கன்னு புகார். பாடினது ஏஐ இல்லை, ஒரு ட்ரிபியூட் கலைஞர்னு அந்தப் புகாரே சொல்லுது.

எனக்குப் புரிந்தது இதுதான். ஷோவுக்கு டிக்கெட் வாங்கறவருக்கு, மேடையில் நிக்கறது கேஷ் இல்லைன்னு நல்லாத் தெரியும். விளம்பரத்தில் அதைச் சொல்ல யாரும் இல்லை. "அட, கேஷ் குரலாச்சே"ன்னு நாம நிமிர்ந்து பார்க்கறதுதான் அங்கே விலைபோகுது. ஆனா அந்தப் பாடகருக்கு அது சொந்தத் தொண்டை, சோறு போடற தொழில். மெஷினுக்காகப் போட்ட வேலி இவரோட பிழைப்பை எவ்வளவு தூரம் தடுக்கலாம்? நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. சொந்தக் குரல்ல!