அத்தை நடந்த வாய்க்கால் மேடு



லண்டனில் இருக்கும் என் நாத்தனார் மகள், போன கோடையில் குடும்பத்தோடு கிரீஸ் நாட்டுக்குச் சுற்றுலா போய் வந்தாள். ஸ்கோபெலோஸ் என்ற தீவைப் பாய்மரப் படகிலேயே சுற்றினார்களாம். 2008-ல் வந்த 'மம்மா மியா' என்ற ஆங்கிலப் படத்தின் பல காட்சிகள் அங்கேதான் எடுக்கப்பட்டன. அதில் கல்யாணக் காட்சியில் வரும், கடலோரப் பாறை உச்சியில் இருக்கும் குட்டி தேவாலயத்துக்கு சுமார் 200 படி ஏறிப் போனார்களாம். போட்டோக்களைப் பார்த்ததும் என் மகனும் மகளும், "நாமளும் போலாம்ப்பா" என்று ஆரம்பித்து விட்டார்கள்.

"அந்தக் காசுக்கு மொட்டை மாடியில ரெண்டு ரூமே கட்டிப் போடலாம்" என்றார் என்னவர்.

மொச்சைக்காய் உரித்துக் கொண்டிருந்த என் மாமியார் மெதுவாக, "சினிமாப் புடிச்ச எடத்தப் பாக்கறதுக்குக் கடல் தாண்டிப் போகோணுமாக்கும்? நம்ம கோபிக்குப் போனாப் பத்தாதா?" என்றார். எல்லோருக்கும் ஆச்சரியம். ஏனென்றால், எனக்குக் கல்யாணமாகி 26 வருடத்தில் அத்தை ஒரு சினிமா பார்த்து நான் கண்டதில்லை. டி.வி.யில் படம் ஓடினால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். சினிமா பிடிக்காதவர் என்றே நினைத்திருந்தோம்.

யோசித்தால், அத்தை சொன்னதும் சரிதானே! நம்ம கோயமுத்தூருக்குச் சினிமா புதுசா என்ன? சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-லேயே இங்கே வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டிவிட்டார். எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ளன்' (1954) இங்கிருந்த பட்சிராஜா ஸ்டூடியோவில் உருவானதுதான். அப்புறம் கேமராக்கள் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தபோது, பொள்ளாச்சியும் கோபிச்செட்டிபாளையமும் படப்பிடிப்பு ஊர்களாயின. கோபிக்குச் 'சின்னக் கோடம்பாக்கம்' என்றே பெயர். டைரக்டர் பாக்யராஜுக்குச் சொந்த ஊரும் பக்கத்து வெள்ளாங்கோயில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். எங்கே போனாலும் "நீங்க போயிட்டு வாங்க, நான் வூட்டப் பாத்துக்கறேன்" என்கிற அத்தை, அன்று விடியக்காலம் 4 மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறி, கட்டுச்சோறு மூட்டையோடு எனக்கு முன்னால் தயாராக நின்றார்!

அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் வழியாகக் கொடிவேரி போய்ச் சேர்ந்தோம். பவானி ஆற்றின் குறுக்கே பல நூறு வருடங்களுக்கு முன் கட்டிய தடுப்பணை அது. அகலமான அணை மேல் தண்ணீர் வழிந்து, வெள்ளைத் திரை கட்டிய மாதிரி விழுகிறது. எத்தனையோ படங்களில் பார்த்த இடமாச்சே! பிள்ளைகள் குதித்தார்கள். எங்களுக்குப் பாய்மரப் படகு கிடைக்காவிட்டால் என்ன, பரிசல் கிடைத்தது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏறினோம். நடு ஆற்றில் செல்ஃபி எடுக்க என் மகன் எழுந்து நிற்க, பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. "உக்காரு சாமி! பரிசல்ல எந்திரிக்கப்படாது" என்று அத்தைதான் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

கரைக்கு வந்து புளிச்சோறும், கடையில் வாங்கிய மீன் வறுவலும் சாப்பிட்டோம். அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"அப்ப 1982-ஆ இருக்கும் கண்ணு. நோம்பிக்கு எங்கம்மா வூட்டுக்கு வந்திருந்தேன். தடப்பள்ளி வாய்க்கா மேட்டுல படம் புடிக்கறாங்கன்னு ஊரே ஓடுச்சு. கொடம் எடுத்துட்டு வரிசையா நடக்கப் பொம்பளைக வேணும்னாங்க. நானும் நடந்தேன். பத்து ரூவாயும் மத்தியானச் சோறும் குடுத்தாங்க. அன்னிக்குன்னு பாத்து உங்க மாமா கூட்டிட்டுப் போக வந்துட்டாரு. 'குடும்பப் பொம்பளைக்குக் கேமரா முன்னால என்ன வேலை'ன்னு நாலு பேரு முன்னால வெச்சுப் பேசிப்போட்டாரு. அப்பறம் சினிமான்னாலே அந்தப் பேச்சுத்தான் காதுல கேக்கும். அது என்ன படம்னு பேருகூடத் தெரியாது சாமி."

யாருக்கும் பேச்சு வரவில்லை. என்னவர் ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்தார். கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகின்றன. இரு பக்கமும் பச்சைப் பசேல் என்று நெல் வயல். "எந்த எடம்மா?" என்று கேட்டுக் கேட்டு ஓட்டினார். தார் ரோடும் புது வீடுகளுமாக எல்லாம் மாறியிருந்தது. ஒரு மதகைப் பார்த்ததும் அத்தை, "இதேதான், நிறுத்து" என்றார்.

இறங்கி மேட்டில் நாலு அடி நடந்தார். குடமில்லை. என் மகள் தண்ணீர்க் கேனைக் கொடுக்க, இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி திரும்பி நடந்தார். அவள் செல்போனில் படம் பிடித்தாள். என்னவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக் கொண்டிருந்தார். எல்லாச் செலவும் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இப்போது ஞாயிறு சாயங்காலம் கோபிப் பக்கம் எடுத்த பழைய படம் ஒன்றைத் தேடிப் போடுகிறான் என் மகன். அத்தைக்கு நடு சோபா. குடத்தோடு பெண்கள் வந்தால் எல்லோரும் மூச்சு விடாமல் பார்ப்போம். "ம்ஹூம், நானில்ல" என்பார். இன்னும் கிடைக்கவில்லை. "கெடைக்காட்டிப் போவுது, அடுத்ததப் போடு" என்கிறார்.

தோழிகளே, நீங்களும் கொடிவேரி போனால், பவானிசாகரில் தண்ணீர் அதிகம் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துப் போங்கள். அந்தச் சமயத்தில் குளிக்கவும் பரிசலில் போகவும் விடமாட்டார்கள். பரிசலில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். அதைவிட முக்கியம், வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். "உங்களுக்கு எங்க போகணும் அத்தை?" என்று நான் 26 வருடமாகக் கேட்டதே இல்லை. நீங்களாவது இன்றைக்கே கேளுங்கள்.

- ஒரு வாசகி, கோவை