அப்பலூசா என்னும் புள்ளிக் குதிரை

குதிரை ஒரே நிறமாக இருக்கும் என்று எண்ணியிருப்போர்க்கு அப்பலூசா வியப்பூட்டும். வெண்மையான பின்புறத்தில் மை தெளித்தாற்போன்ற புள்ளிகள். சிலவற்றில் உடல் முழுவதுமே புள்ளிகள். எனினும் இந்த ஜாதியை அறியப் புள்ளி மட்டும் போதாது. மூக்கு நுனியிலும் கண்ணைச் சுற்றியும் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கும். குளம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடும். விழியைச் சூழ்ந்த வெள்ளை, மனிதர் கண்ணிற்போல் வெளியே தெரியும்.

அமெரிக்காவின் வடமேற்கில், இன்றைய ஐடஹோ, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் வாழ்ந்த நெஸ் பெர்ஸ் என்னும் பழங்குடியினர் இக்குதிரையை விருத்தி செய்தனர். அங்கு ஓடும் பலூஸ் ஆற்றின் பெயரே அப்பலூசா எனத் திரிந்தது என்பர். ஸ்பானியர் கொணர்ந்த குதிரைகளின் வழிவந்தவை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மக்களின் கைக்கு எட்டின. அவர்கள் செய்தது எளிய காரியம். ஆனால் நம்மில் பலர் கால்நடை விஷயத்தில் இன்றும் செய்யத் தயங்கும் காரியம். தரம் குறைந்த ஆண் குதிரைகளுக்குக் காயடித்து, சிறந்தவற்றை மட்டுமே பொலிக்கு விட்டனர். 1806 பிப்ரவரியில் மெரிவெதர் லூயிஸ் என்னும் பயணி, அப்பகுதிக் குதிரைகளின் உயர்வைத் தமது நாட்குறிப்பில் பாராட்டி எழுதினார்.

1863ஆம் ஆண்டு உடன்படிக்கை இம்மக்களின் நிலத்தை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டது. அதற்கு இசையாத கூட்டத்தினரையும் 1877இல் வெளியேறும்படி நெருக்கவே, போர் மூண்டது. பெண்டிர், குழந்தைகள், முதியோருடன் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தூரம் மலைகளைக் கடந்து கனடாவை நோக்கிச் சென்றனர். எல்லைக்குச் சுமார் 65 கிலோமீட்டர் இருக்கையில், அக்டோபர் 5ஆம் நாள் தலைவர் ஜோசப் சரணடைந்தார். குதிரைகள் பறிபோயின. பல விற்கப்பட்டன, எஞ்சியவை வேறு ஜாதிகளுடன் கலந்தன. நிலத்தை இழந்தவர்களிடம் மந்தை எவ்வாறு நிலைக்கும்?

1938இல் அப்பலூசாக் குதிரைச் சங்கம் தோன்றி வம்சப் பதிவேடு தொடங்கியது. அரபுக் குதிரை முதலியவற்றின் இரத்தமும் சேர்ந்தது. 1975இல் ஐடஹோ மாநிலம் இதனைத் தன் மாநிலக் குதிரையாக அறிவித்தது. பொதுவாகத் தோள் உயரம் 142 முதல் 163 சென்டிமீட்டர். சவாரிக்கும் மாடு மேய்க்கவும் ஏற்றது.

நிற்க, இக்குதிரையை வளர்ப்போர் கவனிக்கவேண்டிய குறை ஒன்று உண்டு. புள்ளியைத் தரும் மரபணு, தாய் தந்தை ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் இரவுப் பார்வை கெடாது. இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி பிறவியிலேயே இரவுக்குருடாகும். ஒற்றை மரபணு உடைய இரண்டை இணைத்தால், நான்கில் ஒரு குட்டிக்கு இந்நிலை நேரலாம். இத்தகைய குதிரைகள் பெரும்பாலும் வெண்மையாய், சில புள்ளிகளே உடையனவாக இருக்கும். பிறக்கும் குட்டிகள் யாவும் இம்மரபணுவைப் பெறும் என்பதால், நிறத்தை விரும்புவோர் இவற்றையே பொலிக்குத் தேடுகின்றனர்! 2013இல் இதன் மரபணுக் காரணம் கண்டறியப்பட்டது, சோதனையும் உண்டு. பகலில் இவை நன்றாகவே வேலை செய்யும். இரவில் சவாரி கூடாது. இருட்டுமுன் கொட்டிலுக்குக் கொண்டுவரவேண்டும். கண்ணின் உட்பகுதி அடிக்கடி அழற்சி கொள்ளும் நோயும் இந்த ஜாதிக்கு அதிகம். கண் சிவந்து நீர் வடிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். தாமதித்தால் பார்வையே போய்விடும்.