கடத்தல்காரர்கள் கையில் 'ரகசிய போன்': நடத்தியதே போலீஸ்!

'இந்த போனில் சேதி அனுப்பினால் போலீசுக்கு எட்டவே எட்டாது' என்று நம்பி காசைக் கொட்டிய போதைக் கடத்தல்காரர்கள், கடைசியில் கம்பி எண்ணப் போனார்கள்.

போனின் பெயர் 'அனோம்'. பார்வைக்கு அதில் வெறும் கால்குலேட்டர். ரகசிய எண்ணைத் தட்டினால் சேதிப் பெட்டி திறக்கும். கடையில் கிடைக்காது. கூட்டாளி சிபாரிசு செய்தால்தான் கிடைக்கும்.

நகல் போனது எங்கே?

வேடிக்கை என்ன தெரியுமா? அதை ரகசியமாக நடத்தியதே அமெரிக்காவின் எப்.பி.ஐ.தான்! கைகோர்த்தது ஆஸ்திரேலிய போலீஸ். ஒவ்வொரு சேதிக்கும் ஒரு நகல் போலீசுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கொலைத் திட்டங்களும் சிக்கின. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர் ஆபத்துகள் முன்கூட்டியே தடுக்கப்பட்டன.

ஒரே வீச்சு

சரக்கு ஒரு நாட்டில், பணம் இன்னொரு நாட்டில், ஆள் வேறெங்கோ. ஒரு நாட்டுப் போலீஸ் மட்டும் பாய்ந்தால் மற்றவர்கள் உஷாராகி விடுவார்கள். அதனால் 16 நாடுகள் சேர்ந்து பொறுமையாகக் காத்திருந்தன. 2021 ஜூனில் ஒரே நேரத்தில் வலை இறுகியது. மொத்தம் 800 பேருக்கு மேல் கைது. 8 டன்னுக்கு மேல் கோகைன் பறிமுதல்!

கால்குலேட்டரை நம்பியவர்களுக்குக் கணக்கு தப்பிப் போச்சு!