ஏழு முனிவர்களும் ஒரு வாய்க்காலும்

நிலவில்லாத இரவில், லால்குடிப் பக்கத்து வயல்வெளி மலைக்காட்டைவிட மோசமாக ஆளைச் சுற்றவிடும். காட்டில் மேடுபள்ளமாவது உண்டு; இங்கே ஒவ்வொரு வரப்பும் அடுத்த வரப்பின் ஜாடை.

நேராகத்தான் நடக்கிறோம் என்ற நினைப்பை நம்ப முடியாது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சகாரா பாலைவனத்தில் இரவில் நடந்தவர் நிலவு தெரியும்வரை நேராகப் போனார். அது மறைந்ததும் வளைந்து வளைந்து வந்த பக்கமே திரும்பிவிட்டார். கால்களின் நீள வித்தியாசம் காரணமில்லை. உடலின் திசை உணர்வில் விழும் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போக, நேர்கோடு என்று மூளை நினைப்பதே மெல்ல நகர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு பிடிப்பு வேண்டும்.

அது வானத்தில் இருக்கிறது. லால்குடி சப்தரிஷீஸ்வரர் கோயிலில் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் ஏழு முனிவர்களும் சித்திரை, வைகாசி முன்னிரவில் ஊருக்கு வடக்கே சப்தரிஷி மண்டலமாகத் தெரிவார்கள். அதில் புலகர் என்ற நட்சத்திரத்திலிருந்து கிரது என்ற நட்சத்திரத்துக்கு ஒரு கோடு இழுத்து, அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். லால்குடியின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி என்பதால், அடிவானத்திலிருந்து அதன் உயரமும் அவ்வளவே: நீட்டிய கையின் முஷ்டியைவிடச் சற்றே கூடுதல். டில்லியில் அது 28 டிகிரிக்கு மேல். தாழ்ந்திருப்பதைக் குறையென்பார்கள்; எனக்கு அது வசதியாகவே படுகிறது. அண்ணாந்து பார்க்க வேண்டாம், நேர்கீழே நிற்கும் பனைமரத்தைக் குறிவைத்து நடக்கலாம். (2,000 ஆண்டுகளுக்கு முன் இந்த வசதி இல்லை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், அன்று இதே நட்சத்திரம் துருவத்திலிருந்து ஏறத்தாழ 12 டிகிரி தள்ளி இருந்தது.)

கார்த்திகை முன்னிரவில் முனிவர்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடுவார்கள். அப்போது வாய்க்கால்தான் கதி. வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு இரவில் ஓடும் ஓரியன்டியரிங் வீரர்களிடம் ஒரு தந்திரம் உண்டு: இலக்கைக் குறிவைக்காமல், வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளிக் குறிவைப்பது. வடக்கே, வாய்க்கால் கரையிலுள்ள பம்புசெட்டுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். நேரே குறிவைத்துக் கரையை அடைந்து, அங்கே அது இல்லையென்றால், இடமா வலமா என்று தெரியாது. கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போனால் சந்தேகமே இல்லை, இடப்பக்கம் திரும்ப வேண்டியதுதான். பாம்புக்காக டார்ச்சைக் காலடியில் அடித்தபடி நடக்கலாம். நட்சத்திரம் பார்க்கத்தான் இருளுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் வேண்டும்.

கரையில் நின்றும் திசை குழம்பினால், ஒரு குச்சியைத் தண்ணீரில் போடலாம். டெல்டா கிழக்கே சரிகிறது; பெரிய வாய்க்கால்களில் குச்சி பெரும்பாலும் கிழக்கே போகும்.