குப்பைக்குப் போகும் அலுவலக ரகசியங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக் கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அது இல்லாத பழைய கம்ப்யூட்டர்கள் ஆடிட்டர் அலுவலகம், கிளினிக், டிராவல்ஸ், டியூஷன் சென்டர் என்று பல இடங்களில் ஓரங்கட்டப்படுகின்றன. அடுத்து அவை பழைய சாமான் கடைக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ போகும்.

கம்ப்யூட்டருக்கு நாம் பேரம் பேசுகிறோம். உள்ளே இருக்கும் டேட்டாவுக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. அது இலவச இணைப்பாகவே போய்விடுகிறது! வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கிக் கணக்கு எண், நோயாளிகளின் ரிப்போர்ட், ஊழியர்களின் சம்பளப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். இவை உங்களுடைய ரகசியங்கள் அல்ல, உங்களை நம்பிப் பிறர் கொடுத்தவை.

பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனித் துறையே உண்டு. நான்கு பேர் வேலை செய்யும் சிறு அலுவலகத்தில் என்ன செய்வது? அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய வழிகளை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எது ரகசியக் குப்பை?

ஒரு சின்ன சோதனை போதும். குப்பைக் கூடையில் போடப் போகும் பொருளில் ஒரு தனி நபரின் பெயருடன் அவருடைய எண், கையெழுத்து, போட்டோ, பணம், உடல்நலம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்து இருக்கிறதா? இருந்தால் அது ரகசியக் குப்பை. ஆதார் ஜெராக்ஸ், சரியாக விழாத பிரிண்ட், செல்லாத காசோலை, வேலை கேட்டு வந்த பயோடேட்டா எல்லாம் இந்த வகைதான். வடையும் சுண்டலும் மடித்துத் தரும் காகிதத்தில் யாரோ ஒருவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடைக்குப் போட்ட காகிதம் அப்படித்தான் ஊர் சுற்றும்.

காகிதத்தை எப்படி அழிப்பது?

இரண்டாகக் கிழித்துப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1979-ல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, அங்கிருந்தவர்கள் அவசர அவசரமாக ரகசிய ஆவணங்களை இயந்திரத்தில் கொடுத்து நாடாக்களாக நறுக்கினார்கள். ஈரானியர்கள் அந்த நாடாக்களைக் கையாலேயே பொறுமையாக ஒட்ட வைத்துப் பிறகு புத்தகங்களாகவே வெளியிட்டார்கள்.

இன்று கம்ப்யூட்டரும் உதவிக்கு வந்துவிட்டது. 2011-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, நறுக்கிய ஆவணங்களை ஒன்று சேர்க்கும் போட்டி ஒன்றை நடத்தியது. ஐந்து புதிர்களையும் 33 நாட்களில் முடித்து 50,000 டாலர் பரிசை ஒரு குழு தட்டிச் சென்றது.

இதற்காகப் பயப்பட வேண்டாம். உங்கள் குப்பைக்காக யாரும் ஒரு மாதம் உட்கார மாட்டார்கள். ஆனால் ஷ்ரெட்டர் வாங்கும்போது எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். ஜெர்மனியின் டிஐஎன் 66399 என்னும் தரநிலை, காகிதத்துக்கு பி-1 முதல் பி-7 வரை ஏழு நிலைகளை வைத்திருக்கிறது. பி-2 என்றால் 6 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள நீள நாடாக்கள். அதாவது ஒரு ஏ4 தாள் 35 நாடாக்களாகும். ஒரு வரியில் உள்ள எண் அப்படியே முழுதாக ஒரே நாடாவில் தங்கிவிடவும் கூடும். பி-4 என்றால் ஒவ்வொரு துண்டும் 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதே தாள் சுமார் 400 துண்டுகளாகிவிடும். கிராஸ் கட் என்று கேட்டு, பெட்டியின் மேல் பி-4 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஷ்ரெட்டர் இல்லையா? ரகசியக் காகிதங்களைத் தனிப் பெட்டியில் சேர்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை துண்டு துண்டாகக் கிழித்து, ஒரு பக்கெட் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் கூழாகப் பிசைந்துவிடுங்கள். பத்து இருபது தாள்களுக்கு இதுவே போதும்.

டெலீட் செய்தால் என்ன நடக்கிறது?

காகிதம் அழிந்தால் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. ஒரு பைலை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், பைல் இருந்த இடம் "காலி" என்று விண்டோஸ் குறித்து வைத்துக் கொள்கிறது, அவ்வளவுதான். நூலகத்தில் அட்டவணையிலிருந்து ஒரு புத்தகத்தின் பெயரை அடித்துவிட்டு, புத்தகத்தை அலமாரியிலேயே விட்டு வைப்பது போல. வேறு டேட்டா அந்த இடத்தில் எழுதப்படும் வரை ஹார்ட் டிஸ்கில் பழைய பைல் அப்படியே இருக்கும். இலவச ரெகவரி சாப்ட்வேர்களே அதைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடும். குவிக் பார்மட் செய்தாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இதை எம்ஐடி-யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். பழைய ஹார்ட் டிஸ்குகள் 158-ஐக் கடைகளிலும் இணைய ஏலத்திலும் வாங்கினார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12! மற்றவற்றில் 5,000-க்கும் அதிகமான கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவத் தகவல்கள், சொந்தக் கடிதங்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்ததாகவே தெரிந்தது. 2003-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. டெலீட் செய்யும் முறை இன்றும் அடிப்படையில் மாறவில்லை.

ஹார்ட் டிஸ்கைச் சுத்தம் செய்யும் முறை

முதலில் தேவையான டேட்டாவை பேக்கப் எடுத்து, பேக்கப் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு கீழ்க்கண்டவாறு செய்யவும்.

1. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று செல்லுங்கள். விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ரெகவரி.

2. ரீசெட் திஸ் பிசி என்பதைக் கிளிக் செய்து, ரிமூவ் எவ்ரிதிங் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. இங்கேதான் பலர் அவசரப்பட்டு நெக்ஸ்ட் அழுத்திவிடுகிறார்கள். சேஞ்ச் செட்டிங்ஸ் என்பதைக் கிளிக் செய்து, கிளீன் டேட்டா என்பதை ஆன் செய்யுங்கள். எல்லா டிரைவ்களிலும் உள்ள பைல்களை அழிக்கவா என்ற கேள்விக்கும் யெஸ் கொடுங்கள். நம் ஊரில் கணக்கு டேட்டாவை டி டிரைவில் வைப்பதுதான் வழக்கம். இதை விட்டுவிட்டால் சி டிரைவ் மட்டும் சுத்தமாகி, டி டிரைவ் அப்படியே போய்விடும்.

4. கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை என்றால், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸ் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைத்து பார்மட் செய்யுங்கள். அப்போது குவிக் பார்மட் என்ற டிக் மார்க்கை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு பார்மட் செய்யும்போது அந்த பார்ட்டிஷன் முழுவதும் பூஜ்யம் எழுதப்படுகிறது. எக்ஸ்பி-யில் இப்படி நடக்காது. டிஸ்கில் எத்தனை பார்ட்டிஷன் இருக்கிறதோ அத்தனைக்கும் செய்ய வேண்டும்.

35 முறை எழுதினால்தான் அழியும் என்று சிலர் சொல்வார்கள். பீட்டர் குட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அன்றைய பலவகை டிஸ்குகளுக்கும் சேர்த்துச் சொன்னது. இன்றைய ஹார்ட் டிஸ்குக்கு ஒரு முறை முழுவதும் எழுதினால் போதும்.

எஸ்எஸ்டி வேறு ரகம்

எஸ்எஸ்டி-யில் மேலே எழுதுவது முழுப் பலன் தராது. எல்லா செல்களும் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக அதன் கன்ட்ரோலர் டேட்டாவை இடம் மாற்றிக் கொண்டே இருக்கும். விண்டோஸ் கண்ணுக்கே தெரியாத கூடுதல் செல்களும் உள்ளே உண்டு. அவற்றில் பழைய டேட்டா தங்கிவிடலாம். எனவே எஸ்எஸ்டி தயாரித்த கம்பெனியின் சாப்ட்வேரை டவுன்லோட் செய்து, அதிலுள்ள செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இதைவிட நல்ல வழி, புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் நாளே பிட்லாக்கர் போன்ற என்கிரிப்ஷன் வசதியை ஆன் செய்துவிடுவது. டேட்டா முழுவதும் பூட்டியே இருப்பதால், பிறகு சாவி அழிந்தாலே மிச்சம் இருப்பதை யாராலும் படிக்க முடியாது. ரெகவரி கீயை மட்டும் வேறு இடத்தில் பத்திரமாக வையுங்கள்.

இவ்வளவும் சிரமம் என்று தோன்றுகிறதா? டிஸ்கைக் கழற்றி வைத்துக் கொண்டு கம்ப்யூட்டரை மட்டும் விற்றுவிடுங்கள். பழைய டிஸ்குக்காகக் கிடைக்கும் தொகை அப்படியொன்றும் பெரிதில்லை.

மறந்து போகும் பொருள்கள்

ஜெராக்ஸ் இயந்திரத்தை யாரும் கம்ப்யூட்டராக நினைப்பதில்லை. பல டிஜிட்டல் காப்பியர்களுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நகல் எடுத்த பக்கங்கள் அதில் தங்கலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த காப்பியர்களை அழிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டது. சிபிஎஸ் தொலைக்காட்சி வாங்கிப் பார்த்த காப்பியரில் நோயாளிகளின் தகவல்கள் இருந்தன. 2013-ல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. வாடகை இயந்திரத்தைத் திருப்பித் தரும் முன், டிஸ்கை அழித்துத் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.

சிசிடிவி ரெக்கார்டர், பழைய மொபைல், பென் டிரைவ், பேக்கப் எடுத்த சிடி ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள். மொபைலைத் துளை போட்டோ நசுக்கியோ அழிக்க முயலாதீர்கள். பேட்டரி தீப்பிடிக்கும். பேக்டரி ரீசெட் செய்து கொடுங்கள்.

ஆளிடம் கொடுத்தால் பொறுப்பு தீர்ந்ததா?

மார்கன் ஸ்டான்லி 2016-ல் தன் இரண்டு டேட்டா சென்டர்களை மூடியபோது, டேட்டா அழிப்பில் அனுபவமே இல்லாத சாமான் ஏற்றிச் செல்லும் கம்பெனியிடம் அந்த வேலையைக் கொடுத்தது. கருவிகள் கைமாறி, வாடிக்கையாளர் தகவல்களோடு இணைய ஏலத்துக்கு வந்தன. 2020-ல் 6 கோடி டாலர், 2022-ல் 3.5 கோடி டாலர் என்று இரண்டு முறை அபராதம் கட்டியது அந்த நிறுவனம். ஏற்றிச் சென்றவர் செய்த தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

நமக்கான பாடம் இதுதான். டேட்டா அழிவது உங்கள் வாசலுக்கு உள்ளேயே நடந்து முடிய வேண்டும். அதன் பிறகு வெறும் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் யாரிடமும் கொடுக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற ஈ-வேஸ்ட் மறுசுழற்சி நிறுவனமாக இருந்தால் நல்லது. டிஸ்கோடுதான் கொடுக்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணையும் எழுதி வைத்து, அதே எண்கள் உள்ள அழிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். "10 டிஸ்க் அழிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிய சான்றிதழால் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. தேவை முடிந்ததும் தனிநபர் தகவலை அழித்துவிட வேண்டும் என்கிறது இந்தச் சட்டம். போதிய பாதுகாப்பு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இதில் இடம் உண்டு.

அதற்காக எல்லாவற்றையும் உடனே அழித்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் காக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரைக் கேட்டு, எதை எந்த ஆண்டு அழிக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி அலமாரியில் ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று. வாங்காத தகவலை அழிக்க வேண்டியதில்லை. யார் வந்தாலும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி பைலில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அவசியம் தேவை என்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதுமா என்று பாருங்கள். அலமாரியும் காலியாக இருக்கும், குப்பைக் கூடையைப் பற்றிய கவலையும் பாதி குறையும்.