ஓயாத மணியோசை: குடல் அழற்சியில் நடப்பது என்ன?

மலத்தில் இரத்தம் கண்டால் நம்மவர் பலர் முதலில் சொல்வது ‘மூலச்சூடு’ என்பதுதான். இளநீர் குடிப்பார்கள், வெந்தயம் ஊற வைத்துச் சாப்பிடுவார்கள், மாதங்கள் ஓடிவிடும். அது மூலமாகவும் இருக்கலாம். ஆனால் நாள்பட்ட குடல் அழற்சி நோயும் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்தியர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியதற்கான சான்று பேராக்கிலேயே இருக்கிறது. ஈப்போவை உள்ளடக்கிய கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் புதிதாக இந்நோய் காண்பவர்கள் மலாய்க்காரர்களில் 0.35, சீனர்களில் 0.63, இந்தியர்களில் 1.91. ஏற்கெனவே நோயுடன் வாழ்பவர்கள் இந்தியர்களில் லட்சத்துக்கு ஏறத்தாழ 25 பேர். மற்ற இரு இனத்தவரிலும் 7 பேர்தான். எண்கள் சிறியவை, வேறுபாடு சிறியதல்ல.

உடலுக்குள் நடப்பது என்ன? தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்களுக்குப் ‘பெரட்டு’ நினைவிருக்கும். விடியற்காலையில் மணி அடித்தால் தொழிலாளர்கள் திரள்வார்கள். வேலை முடிந்ததும் வீடு திரும்புவார்கள். குடல் சுவரிலும் இதே ஒழுங்கு உண்டு. குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுக்கும் உடலுக்கும் இடையே இருப்பது ஒரே வரிசை அணுக்களால் ஆன மெல்லிய தடுப்பு. அதன் பின்னால் காவல் நிற்பவை டென்ட்ரைட்டிக் அணுக்கள். கிருமி நுழைந்தால் அவை இன்டர்லியூகின்-23 போன்ற இரசாயனச் சமிக்ஞைகளை வெளியிடும். அதுதான் பெரட்டு மணி. டி அணுக்கள் திரண்டு வந்து டி.என்.எஃப். என்னும் இன்னொரு சமிக்ஞையைக் கொட்டும். மேலும் பல அணுக்கள் வரும். வேலை முடிந்ததும் இன்டர்லியூகின்-10 ‘போதும், கலையுங்கள்’ என்று சொல்லும்.

குடல் அழற்சியில் இந்தக் கலையும் கட்டளை எடுபடுவதில்லை. டி.என்.எஃப். மிகுந்தால் தடுப்புச் சுவரே தளர்ந்துவிடும். அதன் வழியே பாக்டீரியா கசியும். மணி மறுபடி அடிக்கும். காக்க வந்த படையே குடலைப் புண்ணாக்குகிறது. இன்டர்லியூகின்-10 சமிக்ஞையைப் பெறும் மரபணு பழுதான குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையான குடல் அழற்சி வருவதை 2009இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

பரம்பரை மட்டும் காரணமா? அப்படியானால் சில பத்தாண்டுகளில் நோய் பெருகியிருக்காது. ஓரிரு தலைமுறையில் மரபணு மாறிவிடாது. உணவும், ஊரும், வாழ்க்கை முறையும் மாறும். ரப்பர் தோட்டங்களை விட்டு நகரங்களுக்கு வந்த குடும்பங்கள் கண்டதும் அத்தகைய மாற்றம்தான். பிரிட்டனின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய தெற்காசியர்களிடமும் பெருங்குடல் புண் நோய், அங்குள்ள வெள்ளையர்களைவிட அதிகமாகவே காணப்பட்டது.

சமிக்ஞையைப் புரிந்துகொண்டதால்தான் புதிய மருந்துகள் பிறந்தன. டி.என்.எஃப்.பை மடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. படை அணுக்கள் குடலுக்குள் நுழையும் வாசலை அடைக்கும் வெடோலிசுமாப் 2014இல் வந்தது. அணுவுக்குள் செய்தி கடத்தும் ‘ஜேக்’ நொதியைத் தடுக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரை 2018இல் பெருங்குடல் புண் நோய்க்கு வந்தது. எல்லாருக்கும் இவை தேவைப்படா. லேசான பெருங்குடல் புண்ணுக்கு மெசலசின் மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். டி.என்.எஃப். தடுப்பு ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயம். உறங்கிக் கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளக் கூடும்.

இரத்தம் நின்றதும் மருந்தைத் தாமாக நிறுத்துவது பெரிய தவறு. வெளியே அமைதி தெரிந்தாலும் உள்ளே அழற்சி தொடரலாம். பல ஆண்டுகள் நீடித்தால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பும் கூடும்.

நான்கு வாரங்களுக்கு மேல் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் வயிற்று வலி, காரணமின்றி எடை குறைதல், இரத்தச் சோகை: இவற்றில் எது இருந்தாலும் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூலமா, அழற்சியா என்பதைக் குடலுக்குள் குழாய்க் கேமராவைச் செலுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.