ஜப்பானியர் வாட்பயிற்சியும் அதற்கேற்ற வாளும்

ஜப்பானிய வாள்வித்தையைப் பயிலப் புகும் இளைஞர் பெரும்பாலார் ஆசிரியரை அடைந்த சின்னாட்களிலேயே, 'எந்த வாளை வாங்குவது?' என்று வினவுகின்றனர். வினா எளிதுபோலத் தோன்றினும் அதற்கு விடை ஒன்றன்று. அந்நாட்டில் வாட்பயிற்சி என்பது ஒரே கலையன்று ஆதலின், அவ்வக் கலைக்கு வாளும் வேறுபடும். இருவர் கவசம் பூண்டு எதிர்நின்று அடித்துப் பழகுவது கெண்டோ எனப்படும். ஒருவர் தனித்து நின்று, உறையிலுள்ள வாளை உருவி வீசி மீண்டும் உறையிற் செலுத்தும் முறையை நியமமாகப் பயில்வது இயாய்டோ எனப்படும். இவற்றுள் தாம் பயில்வது யாதெனத் தெளியாமுன் வாள் வாங்குவோர், காலளவு அறியாது பாதரட்சை வாங்குவோரை ஒப்பர்.

கெண்டோவுக்கு உரியது ஷினாய் என்னும் மூங்கில் வாள். நான்கு மூங்கிற் பத்தைகளை ஒன்றுசேர்த்து, முனையிலும் பிடியிலும் தோலுறை இட்டு, முதுகுப்புறத்தே கயிறு இழுத்துக் கட்டிச் செய்யப்படுவது அது. மரவாளால் அடித்துப் பழகியோர் எலும்பு முறிந்தும் உயிர் துறந்தும் போயினமையாலேயே இவ்வாள் தோன்றிற்று. பிளந்த மூங்கிலைத் தோற்பையிலிட்டு அடிக்கும் பழக்கத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த காமீஇஸுமி நொபுத்ஸுனா என்னும் ஆசிரியர் தொடங்கினார் என்பர். இக்காலப் போட்டி விதிகளின்படி வளர்ந்தோர் ஏந்தும் ஷினாய் 120 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. கைகாப்பு நீங்கலாக அதன் எடை ஆடவர்க்கு 510 கிராமுக்கும் மகளிர்க்கு 440 கிராமுக்கும் குறையலாகாது. விலை மலிந்தது ஒன்றே தொடக்கத்திற்குப் போதும். ஆயினும், வாங்கியபின் அதனைப் பேணுதல் மிக இன்றியமையாதது. மூங்கில் பிளந்து சிம்பு எழுமாயின், அச்சிம்பு எதிரியின் முகக்கவசத்துக் கம்பிகளினூடே புகுந்து கண்ணைக் கெடுத்துவிடும். இஃது உண்மையில் நேர்ந்துள்ளது. ஆகவே ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன் நான்கு பத்தைகளையும் விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். தன் வாளைச் சோதியாதவன் ஊறுபடுத்துவது தன் கண்ணையன்று, தோழன் கண்ணையே.

இரண்டாவது பொக்கென் அல்லது பொக்குத்தோ எனப்படும் மரவாள். யாது பயில்வதென இன்னும் துணியாதவர் முதலில் வாங்கத்தக்கது இதுவே என்பது எமது துணிபு. எக்கலைக்கும் இது பயன்படும். கெண்டோவினரும் 1912-ம் ஆண்டில் வகுக்கப்பெற்ற முறைவரிசைகளை இதனைக்கொண்டே பயில்கின்றனர். பொதுவாக இதன் நீளம் ஏறத்தாழ 101 சென்டிமீட்டர். வெண்கர்வாலி, செங்கர்வாலி என்னும் மரங்களே இதற்குச் சிறந்தன. ஜப்பானின் தென்பாலுள்ள மியாஸாகி மாகாணத்து மியாகோனோஜோ என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பேர்போனது.

மரவாளைத் தெரியுங்கால் நிறத்தையும் மெருகையும் நோக்காது, மரத்தின் இழையை நோக்குக. இழை பிடியிலிருந்து முனைவரை வாளின் வளைவைத் தழுவி நேரே ஓடல்வேண்டும். இடையிலே குறுக்கிட்டு அலகின் வழியாக வெளியே ஓடிவிடுமாயின், வாளோடு வாள் மோதும்போது அவ்விடத்தே முறிந்து, முறிந்த துண்டு பக்கத்தில் நிற்போர்மேற் பாயும். கணுவும் ஆகாது. அரக்குப் பூசிய வாள் கண்ணுக்கு இனியதேனும், பூச்சு இழையை மறைப்பதோடு, வியர்த்த கையில் வழுக்கவுஞ் செய்யும். சிறிது எண்ணெய் தடவித் துடைத்த வெறுமரமே நன்று. அன்றியும், பழைய மரபுகள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனியுருவம் உடையன. யாக்யூ மரபினரது மரவாள் மெல்லியது. காஷிமா ஷின் மரபினரது தடித்து நேரானது. ஆதலின் ஆசிரியரை வினவாது வாங்கிய வாள் மூலையிற் கிடக்க நேரும். இது மரந்தானே என்று எவரும் அலட்சியஞ் செய்யற்க. மியாமோதோ முசாஷி 1612-ல் ஒரு தீவில் ஸஸாகி கோஜிரோவைக் கொன்றது படகுத் துடுப்பைச் செதுக்கிச் செய்த மரவாளினாலேயே என்று கூறுவர்.

மூன்றாவது இயாய்டோ பயில்வோர்க்குரிய மழுங்கல் வாள். அதன் பெயர் இயாய்த்தோ. கலைக்கும் கருவிக்கும் இடையே ஓரெழுத்தே வேற்றுமை. எழுதி வரவழைப்போர் இதனைக் கருத்திற் கொள்க. ஜப்பானில் 1958-ம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்மை வாள் ஒவ்வொன்றும் பதிவுப் பத்திரம் உடையதாதல் வேண்டும். மழுங்கல் வாளோ துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தாற் செய்யப்படுவது, காந்தம் அதனைப் பற்றாது, கூராக்கினும் கூராகாது. அது காற்றை வீசவே உரியது. வேறொரு வாளோடு மோதினால் வளையும், அன்றி ஒடியும். அலகு மழுங்கியதேயன்றி முனை மழுங்கியதன்று என்பதையும் மறத்தலாகாது.

இதில் முதலில் நோக்கத்தக்கது நீளம். அதனை ஷாகு என்னும் அளவாற் கூறுவர். ஒரு ஷாகு ஏறத்தாழ 30.3 சென்டிமீட்டர். 170 சென்டிமீட்டர் உயரமுடையார்க்குப் பெரும்பாலும் 2.45 ஷாகு, அதாவது 74 சென்டிமீட்டர் அலகு பொருந்தும். கைகாப்பை ஒட்டிப் பிடித்துக் கையைத் தளரத் தொங்கவிட்டால் முனை தரையைத் தொடாது சற்றே மேல் நிற்பது நல்லளவு. நெடிய வாள் வீரத் தோற்றம் தருமென்று அதனை விரும்புவார் பலர். நீளம் மிகின் முனை உறைவாயை விட்டு எளிதில் நீங்காது. பயில்வோன் உடலைத் திருகி இழுப்பான். திரும்ப உறையிடுங்கால் முனை இடக்கையிற் குத்தும். எடையும் அவ்வாறே. தொடக்கத்திற் கனத்த வாள் முழங்கையைப் பழுதாக்கும். அலகின் பக்கங்களிற் பள்ளம் ஓடிய வாள் இலேசானது. நேரே வீசினால் காற்றில் ஒலியெழுப்பும். அலகு கோணினால் அவ்வொலி கெடும் ஆகலின், தனியே பயில்வோர்க்கு அது நல்ல துணை.

அலகையும் பிடியையும் பிணைத்து நிற்பது ஒரு சிறு மூங்கில் ஆணியே. அது தேய்ந்து தளர்ந்தால் வீசும்போது அலகு பிடியினின்று கழன்று அம்புபோற் செல்லும். இதனாலேயே அலங்கார வாள்கள் பயிற்சிக்குச் சிறிதும் ஆகா. கடைகளில் மலிந்த விலைக்குக் கிடைக்கும் துருவேறா எஃகு வாள்களிற் பல, பிடிக்குள்ளே மெல்லிய கம்பி ஒன்றால் ஒட்டவைக்கப்பட்டவை. சுவரிலே தொங்குமட்டும் அவை வாள். கையில் எடுத்து வீசினாலோ ஒட்டிய இடத்தே ஒடியும். கூரிய உண்மை வாளைப் பற்றி இங்குக் கூறுவது மிகை; அதனை எப்போது ஏந்தலாமென்பது ஆசிரியர் கூறற்பாலது.

இடக்கைப் பழக்கமுடையார்க்கு வேறு வாள் உண்டோ எனச் சிலர் கேட்பர். இல்லை. யாவரும் வாளை இடப்பக்கத்தே செருகி வலக்கையாலேயே உருவுகின்றனர். வரிசையாய் நின்று பயிலும் கூடத்தில் ஒருவர் மட்டும் மாறி உருவினால் அடுத்தவர்க்கு இடையூறாம். மேலும், வெட்டுக்கு வலிமை தருவது பிடியின் கடையைப் பற்றிய இடக்கையே ஆதலின், இடக்கையார்க்கு இதனாற் குறையொன்றுமில்லை.